விரல் படிக்கும் கம்ப்யூட்டர்!

கண் தெரியாதவர் கம்ப்யூட்டரில் வேலை செய்ய முடியுமா?

முடியும். கடிதம் எழுதுகிறார்கள். செய்தி படிக்கிறார்கள். வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டருக்கே கட்டளை எழுதும் வேலையையும் செய்கிறார்கள்.

பலருக்குக் கம்ப்யூட்டர் பேசும். திரையில் உள்ளதை எல்லாம் உரக்கப் படித்துக் காட்டும். அதைக் காதால் கேட்டு வேலை செய்வார்கள்.

ஆனால், கண்ணோடு காதும் போனவர் என்ன செய்வார்?

அவருக்கு விரல் இருக்கிறது. விரல் நுனியால் கம்ப்யூட்டரைப் படிக்க ஒரு கருவி இருக்கிறது. அந்தக் கருவிக்கு வேண்டிய மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதைவிட அதிசயம் ஒன்று உண்டு. அந்த மென்பொருளை உருவாக்கியவர்களில் பலர் பார்வை இல்லாதவர்கள்!

ஆறு புள்ளி

முதலில் பிரெயில் எழுத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரான்ஸ் நாட்டில் 1809-ம் ஆண்டு பிறந்தவர், லூயி பிரெயில். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் இருந்த ஊசி கண்ணில் குத்தியது. இரண்டு கண்களும் போயின. பாரீஸ் நகரில் பார்வை இல்லாதோர் பள்ளியில் படித்தார். அங்கே, தம் 15-வது வயதில், ஆறே புள்ளிகளைக் கொண்டு எல்லா எழுத்துகளையும் எழுதும் முறையைக் கண்டுபிடித்தார். புள்ளிகள் காகிதத்தில் மேடாக இருக்கும். விரலால் தடவிப் படிக்கலாம்.

தமிழுக்கும் பிரெயில் எழுத்து உண்டு. இந்திய மொழிகளுக்குப் பொதுவான "பாரதி பிரெயில்" முறை 1951-ம் ஆண்டு ஏற்கப்பட்டது. "அ" என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. "அம்மா" என்று எழுத ஐந்து கட்டங்கள் வேண்டும். நாம் "ம்" எழுதும்போது புள்ளியைக் கடைசியில் மேலே வைக்கிறோம். பிரெயிலில் அந்தப் புள்ளி முதலில் வரும். பிறகுதான் "ம" வரும்.

எழும், விழும் ஊசிகள்

காகிதத்தில் குத்திய புள்ளி அழியாது, மாறாது. கம்ப்யூட்டர் திரையோ நொடிக்கு நொடி மாறும். அதற்கு ஏற்ப மாறும் புள்ளி வேண்டுமே?

அதைச் செய்வதுதான் "பிரெயில் திரை" என்னும் கருவி. பெயர்தான் திரை. பார்ப்பதற்கு நீளமான பட்டை போல இருக்கும். கம்ப்யூட்டர் விசைப்பலகைக்கு முன்னால் இதை வைத்துக்கொள்வார்கள்.

பட்டையில் வரிசையாகச் சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எட்டுத் துளைகள். ஆறு துளை எழுத்துக்கு. அடியில் உள்ள இரண்டு, "நீங்கள் இருக்கும் இடம் இது" என்று காட்டுவது போன்ற வேலைகளுக்கு. 40 கட்டம் உள்ள கருவியில் 320 துளைகள். துளைக்கு ஓர் ஊசி.

ஊசியைத் தூக்குவது எது? மின்சாரம் பட்டால் வளையும் ஒருவகைப் பொருள் இருக்கிறது. அதில் செய்த மெல்லிய தகடு ஒவ்வோர் ஊசிக்கும் அடியில் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் தகடு வளைகிறது. ஊசி எழுகிறது. மின்சாரம் மாறினால் ஊசி விழுகிறது. ஒரு வரியைத் தடவிப் படித்து முடித்துப் பொத்தானை அழுத்தினால், 320 ஊசிகளும் கண் இமைப்பதற்குள் அடுத்த வரிக்கு மாறிவிடும்.

ஒவ்வொரு கட்டத்தை ஒட்டியும் ஒரு குட்டிப் பொத்தான் உண்டு. பிழையான எழுத்து விரலில் தட்டுப்பட்டால், அந்தப் பொத்தானை அழுத்தலாம். கம்ப்யூட்டர் நேரே அந்த எழுத்துக்குப் போய் நிற்கும்.

காது போதாதா?

"பேசும் கம்ப்யூட்டர் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்கலாம்.

"மனம்" என்று ஒரு சொல். "மணம்" என்று ஒரு சொல். வேகமாகப் பேசும் இயந்திரக் குரலில் இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். "அரை", "அறை" என்பதும் அப்படித்தான். விரலுக்கோ இரண்டும் வேறு வேறு. கேட்டே பழகிய பிள்ளைக்கு எழுத்துப் பிழை வரும். தொட்டுப் படித்த பிள்ளைக்கு எழுத்து மனதில் பதியும்.

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவருக்கு ஒரு காற்புள்ளி தவறினாலும் வேலை கெடும். அதைக் காதால் பிடிப்பது கடினம். விரல் பிடித்துவிடும்.

பக்குவத்தை மறைக்காத சமையல்

கருவி மட்டும் இருந்தால் போதாது. திரையில் உள்ளதைப் புள்ளியாக மாற்றிக் கொடுக்க மென்பொருள் வேண்டும்.

ஓட்டல் சாம்பாரை விலைக்கு வாங்கிச் சாப்பிடலாம். பக்குவத்தைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியோ சாம்பாரையும் கொடுப்பார், பக்குவத்தையும் எழுதிக் கொடுப்பார். நாம் உப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். நாலு பேருக்கும் சொல்லலாம். இந்தப் பாட்டி வழிதான் "திறந்த மூல மென்பொருள்."

"பி.ஆர்.எல்.டி.டி.ஒய்." என்ற மென்பொருள் இப்படிப்பட்டது. 1995-ம் ஆண்டில் இருந்து வளர்ந்து வருகிறது. "லினக்ஸ்" கம்ப்யூட்டர் பேசத் தொடங்கும் முன்பே, இது ஊசிகளில் எழுத்தைக் காட்டிவிடும். கம்ப்யூட்டர் பாதியில் நின்றால்கூட, என்ன கோளாறு என்று பார்வை இல்லாதவரே தொட்டுப் படித்துச் சரி செய்யலாம்.

ஜான் பாயரின் சாதனை

அமெரிக்காவில் ஜான் பாயர் என்பவர் இருந்தார். அவருக்குக் கண் தெரியாது. காதும் கேளாது. ஆனால் கம்ப்யூட்டர் படிப்பில் வல்லவர்.

அவர் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். மென்பொருளின் ஒரு பகுதியை எடுத்தார். அதன் பக்குவம் திறந்து கிடந்ததால் எடுக்க முடிந்தது. அதை விரிவாக்கினார். 2002-ம் ஆண்டு "லிப்லூயி" பிறந்தது. லூயி பிரெயிலின் பெயரைத்தான் வைத்து இருக்கிறார்கள்.

எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று சொல்லும் அட்டவணைகள் இதில் இருக்கின்றன. மொழிக்கு மொழி தனி அட்டவணை. தமிழுக்கும் இருக்கிறது. மொழியும் பிரெயிலும் அறிந்தவர் அட்டவணையைத் திருத்தலாம், புதிதாக எழுதலாம்.

2012-ம் ஆண்டு அமெரிக்க வெள்ளை மாளிகை பாயரைக் கவுரவித்தது. 2017-ம் ஆண்டு அவர் காலமானார். அவர் செய்த வேலை, இன்று பல நாட்டுக் கம்ப்யூட்டர்களிலும் கைபேசிகளிலும் ஓடுகிறது.

இரண்டு நண்பர்கள்

ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்று இரண்டு நண்பர்கள். இருவருக்கும் பார்வை இல்லை. சிறு வயதில் ஓர் இசை முகாமில் பழக்கம் ஆனவர்கள்.

அப்போது திரை படிக்கும் மென்பொருள் வாங்கப் பெரும் பணம் ஆகும். பல நேரம் கம்ப்யூட்டர் விலையைவிட அது அதிகம்! "கண் தெரியாதவர் மட்டும் ஏன் இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டும்?" என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி.

2006-ம் ஆண்டு கர்ரன் "என்.வி.டி.ஏ." என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். டேயும் சேர்ந்துகொண்டார். "விண்டோஸ்" கம்ப்யூட்டரில் இது பேசும். பிரெயில் கருவியை இணைத்தால் புள்ளியாகவும் காட்டும். புள்ளியாக மாற்றும் வேலையைச் செய்வது பாயரின் லிப்லூயி! இன்று 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் இது கிடைக்கிறது. அவற்றில் தமிழும் ஒன்று. விலை? ஒரு காசும் இல்லை. விரும்பியவர்கள் நன்கொடை கொடுக்கலாம்.

பல கருவிகளைக் கம்பியில் இணைத்தால் போதும். என்.வி.டி.ஏ. தானாகவே கண்டுகொள்ளும்.

மிச்சம் உள்ள தடை

மென்பொருள் இலவசம். கருவி இலவசம் அல்ல. 40 கட்டம் உள்ள கருவி இந்தியாவில் லட்சக்கணக்கில் விலை போகிறது. ஒவ்வோர் ஊசிக்கும் தனித் தகடு வேண்டுமே! விலை ஏறுவதற்கு முக்கிய காரணம் அதுதான்.

விலையைக் குறைக்கவும் முயற்சி நடக்கிறது. "ஆர்பிட் ரீடர் 20" என்ற கருவி வேறு முறையில் ஊசியைத் தூக்குகிறது. 20 கட்டங்கள்தான். கொஞ்சம் சத்தம் போடும், வேகமும் குறைவு. ஆனால் விலை பல மடங்கு மலிவு. 2019-ம் ஆண்டு டெல்லி ஐ.ஐ.டி. "டாட்புக்" என்ற கருவியை வெளியிட்டது. அந்த முயற்சியில் சென்னையின் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனமும் கைகோத்தது.

வீட்டுக்கு வீடு கருவி வாங்க முடியாமல் இருக்கலாம். பள்ளிக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று இருந்தால் பல பிள்ளைகள் பயன் பெறுவார்கள். கருவி வந்த பிறகு மென்பொருளுக்குத் தனியாகப் பணம் தேட வேண்டாம். அதை ஏற்கனவே பாயரும், கர்ரனும், டேயும் கொடுத்துவிட்டார்கள்.

பார்வை இல்லாத பிள்ளை வீட்டில் இருந்தால், பிரெயில் எழுத்தை இளம் வயதிலேயே கற்றுக்கொடுங்கள். கம்ப்யூட்டர் பேசுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். எழுத்து தெரிந்த விரலுக்குத்தான் அந்த ஊசிகள் பேசும்.