மலையேற்றத்தில் நிற்கும் தீப்பொறி

பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில், பிளக்குக்குத் தீப்பொறி கிடைப்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஒரு ஜோடி பாயிண்டால்தான். பாயிண்ட் பிரியும் கணத்தில் காயிலின் முதன்மைச் சுற்றில் ஓடும் மின்னோட்டம் அறுபட்டு, இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. பாயிண்ட் கருகித் தேய்வதில் வியப்பில்லை. அதைக் கழற்றிவிட்டு, தண்டோடு சுழலும் காந்த வளையம், அதைக் கவனிக்கும் உணரி, மின்னோட்டத்தை அறுக்கும் டிரான்சிஸ்டர் மாட்யூல் ஆகியவற்றை வைப்பதே எலக்ட்ரானிக் இக்னிஷன். காயில், கேப், ரோட்டார், பிளக் ஒயர் எல்லாம் பெரும்பாலும் பழையவையே.

வண்டி நின்றவுடன் பழி புதிய மாட்யூலின் மேல் விழுகிறது. நீலகிரியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஈரம். வடகிழக்குப் பருவமழை நாளில் இரவெல்லாம் குன்னூரில் வெளியே நின்ற காரின் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உட்புறம் வியர்த்திருக்கும். மின்சாரம் அந்த ஈரத்தின் வழியே கசியும். கசிந்த தடம் நாளடைவில் கரிக்கோடாகிவிடும். கேப்பைத் துடைத்து உலர்த்தினால் ஈரம் போகும், கரிக்கோடு போகாது. அப்போது கேப்பையே மாற்ற வேண்டும்.

கேப் நன்றாக இருந்தால் பேட்டரியிலிருந்து தொடங்குவது நல்லது. ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் பேட்டரி சோர்ந்திருக்கும். செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் 9 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், எஞ்சின் சுற்றினாலும் பல மாட்யூல்கள் வேலை செய்யா. பேட்டரி சரியென்றால், சாவியைத் திருப்பி காயிலின் பாசிட்டிவ் முனையை மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். பலாஸ்ட் மின்தடை இல்லாத வண்டியில் ஏறக்குறைய பேட்டரி அளவே அங்கும் இருக்கும். அடுத்து, பேட்டரி பாசிட்டிவுக்கும் காயிலின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே டெஸ்ட் லேம்பை மாட்டி செல்ஃப் அடித்தால், விளக்கு மினுக்க வேண்டும். மினுக்கினால் மாட்யூல் தன் வேலையைச் செய்கிறது. பழுது காயிலிலோ அதற்கு அப்பாலோதான். இந்தச் சோதனையின்போது பிளக் ஒயரைக் காற்றில் தொங்கவிடக் கூடாது. போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் மாட்யூலையே கொன்றுவிடும். ஒயர் நுனியில் ஒரு பிளக்கை மாட்டி, அதன் உடல் எஞ்சினைத் தொடும்படி வைப்பதே சரி. எஞ்சின் ஓடாமல் சாவியை நெடுநேரம் திறந்து வைப்பதும் காயிலையும் மாட்யூலையும் சூடேற்றும்.

விளக்கு மினுக்கவில்லையென்றால், மாட்யூலைக் கழிக்கும் முன் எர்த்தைப் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடித்தட்டை உடலோடு இணைக்கும் மெல்லிய பின்னல் ஒயர், வேக்குவம் அட்வான்ஸ் தட்டை அசைக்கும்போதெல்லாம் வளைந்து, உறைக்குள்ளேயே இற்றுவிடும். அது முழுதும் அறும் முன், சும்மா நிற்கையில் எஞ்சின் சீராக ஓடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் மிஸ்ஸடிக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாக ஏறும் வண்டிக்கு இன்னொரு சோதனை உண்டு. இரண்டாம் கியரில், காற்றோட்டம் குறைந்த மெதுவான ஏற்றத்தில் எஞ்சின் அறை கொதிக்கும். சூட்டில் செயலிழந்து, அரை மணி நேரம் ஆறினால் மீண்டும் உயிர்பெறும் மாட்யூல்கள் உண்டு. குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டாலும் இதே அறிகுறிதான். பம்ப்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய வழக்கம் அதற்காகவே. இரண்டையும் பிரித்தறிய, வண்டி நின்ற அந்த நிமிடமே பிளக்கைப் பார்க்க வேண்டும். பொறி இருந்தால் கோளாறு பெட்ரோலில், இல்லையென்றால் இக்னிஷனில். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை.

ஏறக்குறைய 2240 மீட்டர் உயரத்தில் ஊட்டியின் காற்று, கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. சமவெளிக்கு அளவு வைத்த கார்பரேட்டர் அங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். பிளக் கரி பிடித்து மிஸ்ஸடிக்கும். இதையும் மாட்யூலின் குற்றமாக எண்ணி மாற்றுபவர்கள் உண்டு.

எல்லாம் பார்த்தும் ஐயம் தீராவிட்டால், கழற்றிய பழைய பாயிண்டையும் கண்டன்சரையும் திரும்ப மாட்டி, டைமிங் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். அப்போது வண்டி ஒழுங்காக ஓடினால், பழுது புதிய பொருத்தத்தில்தான்: மாட்யூலிலோ அதன் ஒயரிலோ.