டயரின் விட்டமும் எஞ்சினின் உழைப்பும்

ஒரு லாரியில் எஞ்சினின் சுழற்சி எந்தெந்தக் கியர்களைக் கடந்து தரைக்கு வருகிறது என்று கேட்டால், கியர்ப் பெட்டியையும், பின் அச்சிலுள்ள கிரவுன், பினியன் என்னும் பற்சக்கரங்களையும் சொல்லி நிறுத்திவிடுவோர், பல்லே இல்லாத டயரும் அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் பிக்கப் லாரி வைத்திருப்போர், கரடுமுரடான பாதையில் வண்டியின் அடிப்பாகம் இடிபடாதிருக்க வேண்டும் என்ற அவசியத்தாலோ, தோற்றத்தில் கம்பீரம் வேண்டும் என்ற ஆசையாலோ, 32 அங்குல விட்டமுள்ள டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயரை மாட்டுவது சர்வசாதாரணம். அச்சின் விகிதம், அதாவது சக்கரம் ஒரு தடவை சுற்றுவதற்குப் பினியன் சுற்றும் தடவைகள், 3.73 என்று வைத்துக்கொண்டால், விட்டம் 9 சதவிகிதத்துக்குச் சற்று அதிகமாகப் பெருத்ததனால் ஒரு சுற்றில் வண்டி கடக்கும் தூரமும் அவ்வளவுக்குப் பெருகி, விகிதமே 3.41 ஆகக் குறைந்துவிட்டாற்போன்ற பலன் உண்டாகிறது. முதல் கியர் தொடங்கிக் கடைசிக் கியர் வரை ஒன்றுகூட இதற்கு விலக்கில்லை. எஞ்சினும் பினியனும் ஒரே வேகத்தில் சுழலும் நேர் கியரில் மணிக்கு 60 மைல் செல்ல நிமிஷத்துக்குச் சுமார் 2,350 சுற்றுச் சுற்றிய எஞ்சினுக்கு, இப்பொழுது 2,150 சுற்றே போதும்.

சுற்றுக் குறைந்தால் எரிபொருளும் மிச்சமாகாதா? சமதளமான நெடுஞ்சாலையில், பாரமின்றி, ஒரே சீராகச் செல்லும்வரை அந்த நியாயம் ஓரளவு பொருந்தும். ஆனால் சக்கரத்தின் ஆரம் நீண்டதனால் தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறக்குறைய 8½ சதவிகிதம் குன்றிவிடுவதால், மேடு ஒன்று எதிர்ப்பட்டாலும், பின்னால் ஒரு டிரெய்லரைப் பூட்டினாலும், ஆக்ஸிலரேட்டரை ஆழ மிதிக்கவோ கீழ்க் கியருக்கு இறங்கவோ நேர்ந்து, மிச்சம் பிடித்தது கரைந்துபோகிறது. பெரிய டயரின் கனம் பெரும்பாலும் விளிம்பிலேயே இருப்பதால், நின்று நின்று புறப்படும் நகரப் பிரயாணத்தில் அதை ஒவ்வொரு தடவையும் சுழலவைக்கச் செலவிட்ட சக்தி பிரேக்கில் உஷ்ணமாகி வீணாகிறது. உயர்ந்து நிற்கும் வண்டியைக் காற்றும் அதிகமாக எதிர்க்கிறது.

இவற்றுள் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது மைலேஜ் கணக்கில் நேரும் மயக்கம். மைல் காட்டும் கருவி எண்ணுவது சக்கரத்தின் சுற்றுக்களையே ஆதலால், 20 காலனில் 300 மைல் ஓடியதாக அது காட்டும்போது வண்டி உண்மையில் 328 மைல் ஓடியிருக்கும்; காலனுக்கு 15 மைல் என்று வருந்துகிறவருக்குக் கிடைத்திருப்பது 16.4. ஸ்பீடாமீட்டரும் இப்படியே 60 என்று காட்டி 65க்கு மேல் ஓடவிடுகிறது. நீண்ட ஆரத்தால் பிரேக்கின் பிடியும் தளர்ந்திருக்கும் நிலையில் இது அபாயகரமானது. டயரை மாற்றிய அன்றே கருவியைத் திருத்திக்கொள்வது அவசியம்.

இழந்த இழுவிசையை மீட்பதற்கு வழி, கிரவுன், பினியன் ஜோடியை மாற்றி அச்சின் விகிதத்தை 4.10 ஆக்குவது. புதிய டயரோடு அது 3.75க்குச் சமமாகி, எஞ்சின் ஏறக்குறையப் பழைய நிலைக்கே திரும்புகிறது. நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் வண்டியானால் முன் அச்சிலும் இதே மாற்றத்தைச் செய்தாக வேண்டும். இல்லாவிடில் இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று, இடையிலுள்ள உறுப்புக்களை முறித்துவிடும். டயரின் கனமும் காற்றின் எதிர்ப்பும் மட்டும் எந்தப் பற்சக்கரத்துக்கும் வசப்படுவதில்லை.