முடக்குவாதமும் நீர்ப்பயிற்சியும்

காவிரியிலும் தாமிரபரணியிலும் நீந்தி வளர்ந்த நம் தாய்மார், தில்லிக்கும் மும்பைக்கும் குடிவந்தபின் நீச்சலையே மறந்துவிட்டனர். முடக்குவாதம் பற்றியபின்னரோ நடக்கவும் அஞ்சுகின்றனர். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல் மூட்டுகளையே தாக்கும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. ஓய்வே மருந்தென்று அசையாதிருந்தால் மூட்டு இறுகும், தசை மெலியும்.

இவர்கட்கு நீர் உற்ற துணை. இடுப்பளவு நீர் உடற்பாரத்தில் ஏறக்குறையப் பாதியைத் தாங்குகிறது. கழுத்தளவு நீர் சுமார் 90 விழுக்காட்டைத் தாங்குகிறது. முழங்கால் வருந்தாமலே பயிற்சி கிட்டுகிறது.

எனினும் சில விதிகளைப் பேணுதல் வேண்டும். முதற்கண் மருத்துவரின் இசைவைப் பெறுக. மூட்டு வீங்கிக் கனலும் நாட்களில் நீச்சலைத் தவிர்க்க. இந்நோய் கழுத்தெலும்புகளின் பிணைப்பையும் தளர்த்தக்கூடுமாதலால், தலைகீழாகப் பாய்தல் கூடாது. மெத்தோட்ரெக்ஸேட் முதலிய மருந்துகள் எதிர்ப்பாற்றலைத் தணிப்பவை. ஆகவே ஆறாத புண்ணுடன் நீரில் இறங்கலாகாது. குளோரின் இட்ட தூய நீரையே நாடுக. குளிர்நீரினும் வெதுவெதுப்பான நீரே நன்று. காலை விறைப்பு நீங்கியபின், பத்து நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுக. துணையின்றி இறங்கவேண்டா.

நீந்த அறியாதாரும் மார்பளவு நீரில் கைப்பிடியைப் பற்றி நடக்கலாம். நீச்சல் நோயை நீக்கிவிடாது. மருந்தை நிறுத்தலும் ஆகாது. ஆயினும் வலியைத் தணித்து நடையைக் காக்க அது உதவும். பெண்களுக்கெனத் தனிநேரம் ஒதுக்கும் நீச்சற்குளங்கள் நகரங்களில் உள்ளன. அந்த நேரத்தில் அடுக்களைப் பணியைப் பிறர் ஏற்று, இல்லத்தரசியை அங்கு அனுப்பிவைப்பது குடும்பத்தாராகிய நம் கடமையன்றோ?