குடிநோய் மையத்தில் ஆள் ஏன் தங்குவதில்லை?

குடிநோய் சிகிச்சை மையத்துக்குள் போய்ப் பார்த்தால் விலை உயர்ந்த கருவி என்று எதுவும் கண்ணில் படாது. கட்டில்கள், மாத்திரை அலமாரி, வைட்டமின் பி1 ஊசி, எல்லோரும் வட்டமாக உட்கார ஒரு கூடம். மிச்சமெல்லாம் ஆட்கள்தான். வேறு ஆஸ்பத்திரியில் ஒருவர் வேலையை விட்டால் மற்றவர்களுக்குச் சுமை கூடும். இங்கே கவுன்சிலர் ஒருவர் போனால், அவரிடம் மட்டும் வாய் திறந்த பத்துப் பன்னிரண்டு பேரின் சிகிச்சை பாதியில் அறுந்துவிடும்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெறுபவர் 180-ல் ஒருவர். இதைப் படித்ததும் ‘படுக்கை போதவில்லை’ என்றுதான் தோன்றும். கட்டில் வாங்குவது சுலபம். அதன் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே!

மனநல மருத்துவர்கள் நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒருவர்கூடக் கிடையாது. அதனால் அரசு மானியத்தில் ஓடும் பல மையங்களில் டாக்டர் வந்து போகிறவர். நாள் முழுக்க இருப்பது நர்ஸ், கவுன்சிலர், வார்டு பாய்.

நர்ஸ் வேலையின் கனம் ராத்திரியில்தான் தெரியும். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரக்கூடும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும்; இல்லாத பூச்சியைப் போர்வையிலிருந்து பிடித்துப் பிடித்துப் போடுவார்கள். அனுபவமுள்ள நர்ஸ் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி, “கையை நீட்டி விரலை விரிங்க அண்ணே” என்பார். நடுக்கம், வியர்வை, நாடி, இன்றைக்கு என்ன கிழமை என்ற கேள்விக்கு வரும் பதில், இவற்றை வைத்து டாக்டரை எழுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ், ‘தூங்குகிறார்’ என்று விட்டுவிடக்கூடும். உயிர் போகிற இடம் இது.

கவுன்சிலர்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ அல்லது உளவியல் முடித்து நேரே வரும் இளம் வயதுக்காரர்கள். முதல் வாரமே ஐம்பது வயதுக்காரர் ஒருவர், “உனக்குக் கல்யாணமாச்சாம்மா? குடும்பக் கஷ்டம் உனக்கு என்ன தெரியும்?” என்பார். அதற்குக் கோபப்படாமல், கூனிக்குறுகாமல் பதில் சொல்லப் பாடப்புத்தகம் கற்றுத்தருவதில்லை. மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் பழக வேண்டும். அந்த மூத்தவரும் போன வருடமே விலகியிருந்தால்?

சம்பளம் குறைவு என்பது ஊரறிந்தது. ஆனால் குறைந்த சம்பளத்தைவிட, எப்போது வரும் என்று தெரியாத சம்பளம்தான் ஆளை விரட்டுகிறது. மானியம் தவணையாக வருவது. தவணை தள்ளிப்போனால் வாடகை கொடுக்க வேண்டியவர் பள்ளிக்கூட வேலையோ கம்பெனி வேலையோ தேடிப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அமெரிக்காவிலும் இதே கதைதான்: 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் போதை சிகிச்சை மையங்களின் கவுன்சிலர்களில் வருடத்துக்கு மூன்றில் ஒருவர் விலகியிருந்தார், அதுவும் பெரும்பாலும் தாங்களாகவே.

காசைத் தாண்டி இன்னொரு காரணம் உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. குணமானவர் மையத்துக்குத் திரும்பி வருவதில்லை. வேலைக்குப் போகிறார், மகளுக்குக் கல்யாணம் செய்கிறார், அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டுவதில்லை. மறுபடி குடித்தவர்தான் திரும்ப வருகிறார். மூன்றாவது தடவையாக அதே முகத்தைப் பார்க்கும் கவுன்சிலருக்கு, ‘நான் செய்ததெல்லாம் வீண்’ என்று படுவது இயல்பு. சிகிச்சைக்குப் பின் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் மறுபடி போதைக்குத் திரும்புவதாக அமெரிக்க தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்த மாத்திரையை நடுவில் நிறுத்தி மறுபடி படுப்பவர் கணக்கும் ஏறக்குறைய இதுதான். ரத்த அழுத்தம் ஏறியதற்காக எந்த டாக்டரும் ராஜினாமா செய்வதில்லை. சேர்ந்த முதல் நாளே புதிய ஊழியருக்கு இதைச் சொல்லிவிட வேண்டும்.

சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். குடியை விட்டவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில், குடியை விட்டு ஒரு வருடம், ஐந்து வருடம் ஆனதைப் பிறந்தநாள் போலக் கொண்டாடுவார்கள். அங்கே கவுன்சிலரை மட்டுமல்ல, நர்ஸையும் வார்டு பாயையும் டியூட்டி நேரத்திலேயே அனுப்ப வேண்டும். தான் கட்டிலில் பிடித்து அழுத்தி வைத்திருந்த ஆள் இஸ்திரி போட்ட சட்டையோடு மேடையேறிப் பேசுவதை வார்டு பாய் பார்க்கட்டும். எந்தப் பயிற்சி வகுப்பும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

குடியிலிருந்து மீண்டவர்களையே வேலைக்கு எடுப்பது இந்தத் துறையின் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. “உனக்கு என்ன தெரியும்?” என்று அவர்களிடம் யாரும் கேட்க முடியாது. ஆனால் ஓரிரு வருடமாவது தெளிவாக இருந்த பிறகே எடுக்க வேண்டும். சம்பளமும் முறையான பயிற்சியும் கொடுத்தாக வேண்டும். சாப்பாடும் படுக்கையும் மட்டும் கொடுத்து, நேற்றைய நோயாளியை இன்றைய காவலாளாக்கும் இடங்களும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் நோயாளிகள் அடிபடும் ஆபத்து உண்டு. மீண்டவர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் பயிற்சி பெற இடம் இல்லாமல் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மற்ற மையங்களின் ஊழியர்களுக்கும் பயிற்சி தருகிறது.

எத்தனை செய்தாலும் சிலர் போகத்தான் போவார்கள். போகிறவர் நோயாளிகளின் கோப்புகளை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. கடைசி இரண்டு வாரம் புதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். வீடு திரும்பியவர்களுக்கு அவரே போன் போட்டு, “இனிமே இந்தத் தம்பிதான் உங்ககிட்ட பேசுவாரு” என்று சொல்லி, போனைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் இருவருக்கும் சம்பளம் கொடுக்க மையத்தின் பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா என்று ஆண்டுக் கணக்கு போடும்போதே பார்த்துவிடுவது நல்லது.