வருத்தமா, மன்னிப்பா?

பிழை செய்தவர் வாயில் வருவதற்கு நம் மொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. "வருந்துகிறேன்" என்பவர் தம் மனநிலையைத் தெரிவிக்கிறார். மழையில் கல்யாணப் பந்தல் சரிந்ததற்கும் அப்படி வருந்தலாம். "மன்னியுங்கள்" என்பவரோ குற்றம் தம்முடையது என்று ஒப்பி, விடுவிக்கவும் மறுக்கவும் உரிய அதிகாரத்தைப் பாதிக்கப்பட்டவர் கையில் ஒப்படைத்துவிடுகிறார். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரு வேலைகளையும் பார்த்துவிடுவதால், பெரிய கம்பெனிகளின் அறிக்கையைத் தமிழாக்கும் பத்திரிகைக்காரர் படும் தர்மசங்கடம் கொஞ்சமல்ல.

2021 டிசம்பர் மத்தியில், ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில், உணவு நஞ்சாகி 250 பேருக்கு மேல் நோயுற்று, அவர்களில் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். உணவு கெட்டது ஒரு குற்றம். அதனினும் கொடியது என்று நான் கருதுவது, ஒரே அறையில் உடன் உறங்கியவள் எங்கே, எப்படியிருக்கிறாள் என்று தவித்த பெண்களுக்கு நம்பத்தக்க விடை எட்டாமற் போனதையே. அந்த மௌனத்தில்தான் சிலர் இறந்துவிட்டார்கள் என்னும் வதந்தி வளர்ந்தது. 17-ஆம் தேதி இரவு அவர்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டார்கள். ஏறத்தாழ 17,000 பேர் உழைத்த ஆலை மறுநாள் மூடப்பட்டது.

29-ஆம் தேதி, விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் சில தம் நியதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று கண்டு, ஆலையைச் சோதனைக் காலத்தில் வைத்திருப்பதாக ஆப்பிள் நிறுவனம் கூறிற்று. ஃபாக்ஸ்கானும் மிகவும் வருந்துவதாகச் சொல்லி, உள்ளூர் நிர்வாகத்தை மாற்றியமைப்பதாகவும், சீர்திருத்தம் முடியும்வரை ஊதியம் தொடரும் என்றும் அறிவித்தது. அந்த ஆங்கில வாசகத்தைவிட, வேலையின்றி வந்த அந்தச் சம்பளமே மன்னிப்புக்கு அண்மையில் நின்றதாக எனக்குப் படுகிறது. 2022 ஜனவரி 12-இல் ஆலை திறந்தது.

நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் தவறிழைத்தவன் சபை நடுவே விழுந்து வணங்கி அபராதம் கட்டுவது வழக்கம். அபராதம் பெரும்பாலும் கோயிலுக்குப் போயிற்றேயொழிய, இழந்தவன் வீட்டுக்குப் போகவில்லை என்பது வேறு விஷயம். ஆயினும் சொல்லும் செய்கையும் சேர்ந்தாலன்றிப் பிராயச்சித்தம் ஆகாது என்பதில் ஊராருக்குச் சந்தேகமில்லை.

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில், தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய, 18,720 பேர் தங்கத்தக்க தொழிலாளர் விடுதிகளை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். அது தொழில் அபிவிருத்தி ஏற்பாடே, மன்னிப்பன்று. என்றாலும், 2021-இன் விடுதிகளில் தண்ணீர் வராத கழிப்பறைகளையும், வெறுந்தரையில் நெருக்கிப் படுத்த பெண்களையும் பற்றிப் படித்தவன் அங்கே முதலில் கட்டில்களைத்தான் எண்ணுவான். நோயுற்ற தோழி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அன்றிரவே தெரிவிக்கவோ, ஒரு கரும்பலகையும், அந்தப் பெண்களின் மொழியில் நின்று பதில் சொல்லும் ஓர் அதிகாரியுமே போதுமாயிருந்திருக்கும்.