உப்புக் காற்றும் குளிரூட்டியும்

குளிரூட்டியின் ஒரு பாதி நம் அறைக்குள் இருக்கிறது. மறுபாதி வெளிச்சுவரில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. உள்ளே இருப்பதைத் துடைத்துப் பேணும் நாம், வெளியே இருப்பதை, அதிலும் அது ஓய்ந்திருக்கும் காலத்தில், அறவே மறந்துவிடுகிறோம்.

கனடா போன்ற குளிர்நாடுகளில் மாரிகாலம் முழுவதும் இப்பெட்டிக்கு வேலையில்லை. பனிக்கட்டியும் உதிர்ந்த இலைகளும் விழாதிருக்க அதற்கு உறையிடுவோர் அங்கே உண்டு. கொழும்பிலோ ஆண்டு முழுவதும் வெப்பமே. பிள்ளைகளைக் காணப் பெற்றோர் கடல்கடந்து சென்று, வீடு சில மாதம் பூட்டிக்கிடக்கும்போதுதான் இங்கே குளிரூட்டி ஓய்கிறது. அப்போது குளிர்நாட்டார் வழக்கத்தைப் பின்பற்றிப் பெட்டியைப் பொலித்தீனால் இறுகச் சுற்றிவிட்டுச் செல்வோர் உளர். அது காப்பு அன்று; கேடு.

காரணம் யாதெனில், இங்கே பகை பனியன்று, உப்பு. பெட்டிக்குள் செப்புக் குழாய்களும், அவற்றைத் தழுவிய மெல்லிய அலுமினியத் தகடுகளும் உள்ளன. மே முதல் செப்தெம்பர் வரை வீசும் சோளகக் காற்று, கடற்றிவலைகளை வாரிக்கொண்டு வெள்ளவத்தையில் கரையேறுகிறது. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையில் உப்போடு வாகனப் புகையும் தூசியும் சேர்கின்றன. தகடுகளிற் படியும் உப்பு, காற்றின் ஈரத்தை ஈர்க்கிறது. இருவேறு உலோகங்கள் தொட்டிருக்கும் இடத்தில் உப்புநீர் நின்றால், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அலுமினியம் வெண்பொடியாக உதிர்கிறது. பொலித்தீன் உறை உப்பை அகற்றுவதில்லை. ஈரத்தை உலரவிடாது அரிப்பையே வளர்க்கிறது, எலிக்கும் வீடாகிறது.

மழையில் நனையும் பெட்டியைவிட, மேன்மாடத்தின் கீழ் நனையாது நிற்கும் பெட்டியிலேயே உப்பு மிகுதியாகத் திரளும் என்பதும் கருதத்தக்கது. மழை உப்பைக் கழுவுகிறது. கூரை அதைத் தடுக்கிறது.

ஆகவே, வீட்டைப் பூட்டுமுன் பெட்டிக்குரிய மின் ஆளியை அணையுங்கள். மென்மையான நன்னீர்த்தாரையால் தகடுகளைக் கழுவச் செய்யுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் வளைந்துவிடும். பெட்டியின் அடித்துளைகளிற் குப்பை அடையாதிருத்தல் வேண்டும். மேலே ஏதும் விழும் என அஞ்சினால், மேற்புறத்தை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். நெடுநாட் பயணமாயின், இடையிலும் கழுவுவதற்கு ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். தொடர்மாடியின் வெளிச்சுவரில் உயரத்தே இருக்கும் பெட்டியை நீங்கள் எட்டிக் கழுவ முயலாதீர்கள். அது பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளரின் பணி. திரும்பி வந்ததும் மூடியை அகற்றி, உள்ளே கூடு ஏதும் இல்லையெனக் கண்ட பின்னரே ஆளியைப் போடுங்கள்.

இது பணத்தை மட்டும் பொறுத்த செய்தியன்று. குழாய் அரித்துத் துளைபட்டால், உள்ளிருக்கும் வாயு வெளியேறுகிறது. பல குளிரூட்டிகளில் உள்ள ஆர்-410ஏ என்னும் வாயு, நிறைக்கு நிறை, காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. நம் அறையைக் குளிர்வித்த பொருளே ஊரைச் சுடுவதற்கு நாம் இடமளிக்கலாமா? அதைத் தடுக்க வேண்டுவது விலையுயர்ந்த உறையன்று. சிறிது நன்னீரும் காற்றோட்டமுமே.