நான்கெல்லையும் நில அளவையும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு காணியின் உறுதியை நோக்குவோமாயின், வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கெல்லைகள் குறிக்கப்பட்டிருத்தலைக் காண்போம். ஐந்து பக்கமுடைய காணியும் இந்நான்கினுள் அடக்கப்படுவதுண்டு. நிலத்தை நாற்கோணமாகக் கருதும் வழக்கின் இடர்ப்பாடு இதுவே.

பிறநாடுகளும் இவ்விடரை அறியும். ஐக்கிய அமெரிக்கா 1785இல், பக்கம் ஆறு மைல் கொண்ட சதுரங்களாக நிலத்தைப் பகுக்க விதித்தது. புவி உருண்டையாதலின் நெடுங்கோடுகள் வடக்கு நோக்கி ஒடுங்கின. திருத்தக் கோடுகள் வேண்டியதாயிற்று.

இலங்கையில் அத்தகைய நாடளாவிய சதுரப் பகுப்பு நிகழவில்லை. ஒல்லாந்தர் காணிகளைத் தோம்புகளிற் பதிந்தனர். ஆங்கிலேயர் 1800இல் நில அளவைத் திணைக்களத்தைத் தோற்றுவித்தனர். அவர்தம் 66 அடிச் சங்கிலியும், 160 பேர்ச்சஸ் கொண்ட ஏக்கரும் இங்கு நிலைத்தன. ஆயினும் அளவைப்படமில்லாத உறுதிகளில் அயலார் பெயரும் வேலியும் ஒழுங்கையுமே எல்லைகளாயின. அயலார் மறைவர்; வேலி நகரும்; பழைய வாசகமோ உறுதிக்கு உறுதி பெயர்த்தெழுதப்படும்.

1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆவணத்தைப் பதிந்ததேயன்றி உரிமையை உறுதிப்படுத்தவில்லை. அதற்கு வழிசெய்தது 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டமாகும். அதன்கீழ் ஒவ்வொரு துண்டும் அளந்து வரையப்படல் வேண்டும். பிரிக்கப்படாத பங்குகளாய் முதுசொத்தைப் பெற்ற உடன்பிறந்தார்க்கு ஓரடி நிலமும் பகைக்கு வித்தாகலாம். ஆதலின், அளவையின் வரலாற்றை அறிதல் நமக்கு ஏட்டுக்கல்வி மட்டுமன்று.